அச்சில் ஒரு சாண் நூல்

கல்யாணம் முடிந்து என் மனைவி மலையேறி வந்த அன்று அவள் மடியில் குறுக்காக ஒரு நீளத் துணி மூட்டை இருந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வரும் பஸ்ஸில் ஒவ்வொரு வளைவுக்கும் அவள் ஜன்னல் பக்கம் தலையை நீட்டி வாந்தி எடுத்தாள். ஒரு கை ஜன்னல் கம்பியில், மறு கை மூட்டையின் மேல். "குடு, நான் வெச்சிருக்கறேன்" என்று கேட்டேன். தரவில்லை. நகையை இதற்குள் சுருட்டி வைத்திருப்பாள், நம்மை நம்பவில்லை என்று நினைத்தேன். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. கீழ் கோத்தகிரியில் எங்கள் தேயிலை பாக்டரியில் என்னோடு வேலை பார்த்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மூட்டைக்குள் நகை இல்லை. ஒரு தறியின் அச்சும் விழுதும் இருந்தன. அச்சு என்பது ஓர் ஆள் கை விரித்த அகலத்துக்கு ஒரு நீளச் சீப்பு. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒவ்வொன்றும் அதன் பல்லுக்கு நடுவே நுழைந்துதான் வர வேண்டும். விழுது என்பது நூலால் கட்டிய கண்ணிகளின் வரிசை. காலால் மிதிக்கும்போது பாவை மேலும் கீழுமாகப் பிரிப்பது அதுதான். இரண்டிலும், அவள் அப்பா கடைசியாக நெய்த பாவின் மிச்சம் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளை வெளேரென்று தொங்கிக்கொண்டிருந்தது.

நெசவுக்காரர்கள் பாவு முடிந்ததும் துணியை அறுத்து எடுப்பார்கள். அச்சில் இருக்கிற நூலைத் தொட மாட்டார்கள். அடுத்த பாவு வரும்போது அந்த மிச்சத்தின் நுனியோடு புது நூலை ஒவ்வொன்றாகச் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைத்து இழுத்தால், புதுப் பாவு பழைய பாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்து அச்சில் உட்கார்ந்துவிடும். அவள் அப்பாவின் அச்சில் முதல் நூலை யார் கோத்தார்கள் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அவருக்கும் முன்னால் யாரோ கோத்தது. அதன் பிறகு பிணைப்பு, பிணைப்பின் மேல் பிணைப்பு. அந்த அச்சைத்தான் மகளுக்குச் சீராகக் கொடுத்திருந்தார்.

அன்றைக்கு எனக்கு இது எதுவும் தெரியாது. எங்களுடையதும் நெசவுக் குடும்பம்தான், ஆனால் என் அப்பாவின் தாத்தா காலத்திலேயே தறியை விட்டுவிட்டு மலையேறியவர்கள். சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று சிறுமுகைப் பக்கம் பெண் எடுத்தார்கள். என் அப்பா உயிரோடு இல்லை. அம்மா எஸ்டேட்டிலேயே பிறந்து கொழுந்து பறித்தவள், தறியைக் கண்ணால் கண்டதில்லை. எஸ்டேட் வரிசை வீடுகளான லயத்தில் எங்களுக்கு ஒரு முன்னறை, ஒரு சமையலறை. வந்த அன்றே அவள் அந்த மூட்டையை எலிக்கு எட்டாமல் முன்னறை விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டாள். ஒரு ஓரம் மட்டும் அவிழ்ந்து, நூல் முனைகள் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

மகளைக் கொண்டுவந்து விட வந்த மாமனார் மறுநாள் ஊருக்குத் திரும்பினார். வழியனுப்ப மூவரும் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். அவருக்கு வர்க்கி வாங்கிவரலாம் என்று கடைக்குப் போய்த் திரும்பியபோது, பஸ்ஸின் அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது.

"ஆடிக்கு வந்து கூட்டிட்டுப் போயிருங்கப்பா. பொறவு என்னத் திருப்பி அனுப்பிப் போடாதீங்க. எனக்கு இந்தக் குளுரும் ஆகல, இந்த ஊரும் ஆகல."

"கொஞ்ச நாளு பாரு கண்ணு."

"பாத்தாச்சுங்கப்பா."

நான் வர்க்கிப் பொட்டலத்தோடு பஸ்ஸின் பின்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, இருமிக்கொண்டே முன்னால் போனேன். கேட்டதை யாரிடமும் சொல்லவில்லை. ஆடி மாதம் புதுப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப்போவது வழக்கம்தான், ஆவணியில் திரும்பி வருவதும் வழக்கம்தான். இவள் திரும்ப மாட்டாள். அதைத் தெரிந்துகொண்டுதான் நான் குடித்தனத்தைத் தொடங்கினேன்.

எனக்கு அவளைப் பிடித்திருந்தது, அதுதான் சங்கடம். பிடிக்காமல் இருந்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். அவள் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கும்போது, அவளுடைய பாதங்கள் மாறி மாறித் தரையை அழுத்துவதை ஒருநாள் கவனித்தேன். வலது, இடது, வலது, இடது. குளிருக்கு அப்படிச் செய்கிறாள் என்று நினைத்து ஒரு கம்பளிச் சாக்ஸ் வாங்கிக் கொடுத்தேன். சாக்ஸைப் போட்டுக்கொண்டும் அழுத்தினாள். பிறகுதான் விளங்கியது, அவள் தறி மிதிக்கிறாள். அவளுக்கே அது தெரியவில்லை.

அடுத்த லீவில் சொல்லாமல் கொள்ளாமல் சிறுமுகைக்குப் பஸ் ஏறினேன்.

"மேல ஒரு தறி போடலாமுன்னு இருக்கறனுங்க மாமா" என்றேன். மாமனார் குறுக்கு நூலோடு ஓடிக்கொண்டிருந்த நாடாவை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். மகள் பஸ் ஸ்டாண்டில் சொன்னது அவர் கண்ணில் இருந்தது. என் கண்ணிலும் இருந்திருக்கும்.

"அங்க ஈரமாச்சுங்களே மாப்ளே. தறி மிதிக்கக் குழி தோண்டுனா ஊத்துல்ல அடிக்கும்?"

"குழி வேண்டாமுங்க. தரைக்கு மேலயே சட்டம் போட்டு நிறுத்தறது."

"மேட்டுத்தறி." அவர் யோசித்தார். பிறகு எழுந்து, தன் தறியின் ஒவ்வொரு கட்டையையும் சாணால் அளந்து காட்டினார். நான் மனப்பாடம் செய்துகொண்டேன். பாவை அவரே கஞ்சி போட்டு உலர்த்திச் சுருட்டி, சித்திரைக்குள் பஸ்ஸில் போட்டுவிடுவதாகச் சொன்னார்.

எஸ்டேட் ஆசாரி சில்வர் ஓக் மரத்தில் சட்டம் செய்து கொடுத்தார். கட்டில் என்று நினைத்து, "கட்டிலுக்கு எதுக்குடா இத்தனை கட்டை?" என்று கேட்டுக்கொண்டே செய்தார். தறியை முன்னறையில் நிறுத்தினால் நடக்க இடமில்லை. அம்மா தானாகவே தன் பாயைச் சமையலறைக்கு மாற்றிக்கொண்டாள். என் மனைவி அந்த வெறும் சட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஒரு மூலையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள்.

"ஆடுதுங்க" என்றாள்.

அதற்கே எனக்கு வானத்தில் பறப்பதுபோல இருந்தது. அன்றைக்கே இரண்டு ஆப்பு அடித்தேன்.

பாவு வந்த அன்று கோடை மழை பிடித்துக்கொண்டது. கண்டக்டர் புண்ணியவான் அதைப் பஸ் கூரைமேல் போட்டிருந்தார். கோத்தகிரியில் இறக்கிய சாக்கிலிருந்து கஞ்சித் தண்ணீர் சொட்டியது. நான் அவரைத் திட்டிய திட்டில் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. வீட்டில் சாக்கைப் பிரித்துப் பார்த்த என் மனைவி, "இப்பவே விரிச்சுக் காய வெக்கோணும். இல்லாட்டி நூலோட நூலு ஒட்டிக்கும்" என்றாள். ஊரில் என்றால் விடியற்காலையில் பாவைத் தெருநீளத்துக்கு விரித்து, குச்சிகளில் நிறுத்தி, பிரஷால் நீவிவிட்டுக் காய வைப்பார்களாம். இங்கே தெரு ஏது? லயத்துக்கு முன்னால் நாலு எட்டு வைத்தால் பள்ளம். வெயிலும் இல்லை, வெளியே மூட்டம் சுவர்போல நின்றது.

தெருநீளம் உள்ள ஓர் இடம் எனக்குத் தெரியும். நான் வேலை பார்க்கிற மாடி. பறித்த கொழுந்தைப் பரப்பி வெதுவெதுப்பான காற்றில் வாட்டுகிற மாடி அது, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நல்ல தூரம். மறுநாள் ஞாயிறு, பறிப்பு இல்லை, மாடி காலி. ஆனால் பாக்டரியில் தேயிலைப் பக்குவம் பார்க்கும் டீ மேக்கர் விட வேண்டுமே. அவர் மூக்கு பொல்லாத மூக்கு. தேயிலை பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், யாரும் பவுடர் பூசி வரக் கூடாது, சாப்பாட்டில் கருவாடு கூடாது. வெங்காயம் நறுக்கிய கையோடு வந்தவனை வீட்டுக்கு அனுப்பிய மனிதர்.

சாக்கைக் கொண்டுபோய் அவர் முன் வைத்தேன். குனிந்து முகர்ந்தார்.

"சோத்துக் கஞ்சி."

"ஆமாங்க சார்."

"யாருக்குடா?"

"சம்சாரத்துக்குங்க சார்." அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. என் வாயில் பேச்சு வராததை அவர் அதுவரை பார்த்ததில்லை.

"மத்தியானத்துக்குள்ள எடுத்துடு. ஜன்னல் எல்லாத்தையும் திறந்து விடு. நாளைக்கு என் கொழுந்துல கஞ்சி வாடை வந்துது, உன்னையத்தான் வாட்டுவேன்" என்றார்.

ஞாயிறு காலை நாங்கள் மூவரும் மாடியில் பாவை விரித்தோம். ஒரு கோடியில் அம்மா பிடித்துக்கொண்டாள், மறு கோடியில் நான். பாய்லரில் மிச்சமிருந்த சூட்டில் காற்று மெல்ல வந்தது. என் மனைவி பிரஷை வைத்து நீவியபடி என்னிடமிருந்து அம்மாவிடம் நடந்தாள், அம்மாவிடமிருந்து என்னிடம் நடந்தாள். நடக்க நடக்க நூல் ஒட்டு விட்டுத் தனித்தனியாகப் பிரிந்தது. அவள் முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். முகத்தில் வேர்வை. மலைக்கு வந்ததிலிருந்து அவளுக்கு வேர்த்ததே இல்லை.

"எங்க தெருவ விட நீளமுங்க" என்றாள் என் பக்கம் வந்தபோது. சிரித்தாள். நான் பாவைக் கீழே விட்டிருப்பேன், நல்ல வேளை கையில் சுற்றியிருந்தது.

அந்தச் சிரிப்பு வீடு வந்து சேரும்வரைதான். சாயங்காலம் விட்டத்து மூட்டையை அவிழ்த்துக் கீழே வைத்தாள். துணியை விலக்கியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அச்சு மொட்டையாக இருந்தது. பல்லுக்குப் பல் வெளிச்சம் தெரிந்தது. விழுதின் கண்ணிகளிலும் ஒன்றுமில்லை.

"அத்தே, இதுல நூலு இருந்துதுங்களே?"

அம்மா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். முகத்தில் பெருமை.

"நாந்தாங் கண்ணு உருவி எடுத்தேன். வீணாத் தொங்கிட்டுக் கெடந்துது. நல்ல பஞ்சு நூலு, திரிக்குக் கணக்கா இருந்துது. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம உங்க ரெண்டு பேரு பேருலயும் வெளக்குப் போட்டுட்டு வந்தேன்."

எனக்கு விஷயம் முழுதாகப் புரியவில்லை. ஆனால் என் மனைவியின் முகத்தைப் பார்த்ததும் ஏதோ பெரிதாகப் போய்விட்டது என்று புரிந்தது. அதுவே எனக்குப் போதும். "உன்னை யாரும்மா அதைத் தொடச் சொன்னது? கேக்கறதுக்கு வாய் இல்லியா?" என்று கத்தினேன்.

"அத்தைய ஏனுங்க திட்டறீங்க?" என்றாள் அவள், தலை நிமிராமல். "சாமிக்குத்தானுங்க போட்டிருக்கறாங்க."

பிறகு மெதுவாக, அது என்ன நூல் என்று எங்களுக்குச் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை. "எங்கப்பா கை நூலுங்க. அவுங்கப்பா கை நூலும் அதுக்குள்ளாறதான்" என்று சொல்லிவிட்டு அச்சைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்தாள். அம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். அன்று ராத்திரி வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. முடிந்தது கதை, ஆடிகூட வேண்டாம், நாளைக்கே கிளம்பிவிடுவாள் என்று நினைத்தேன்.

விடிந்து நான் வேலைக்குக் கிளம்பும்போது, அம்மா விளக்கு மாடத்திலிருந்து எதையோ எடுத்து மருமகளின் முன்னால் உள்ளங்கையை நீட்டினாள். இன்னும் கொளுத்தாத திரிகள், கொஞ்சம். மாடத்தில் கிடந்து மஞ்சள் பட்டிருந்தன.

"இதாவது ஆகுமா கண்ணு?" என்றாள். அம்மாவின் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை.

அவள் ஒரு திரியை எடுத்து முறுக்கைப் பிரித்தாள். நல்லதாக ஒரு நூல் வந்தது. அதை நீவி நேராக்கினாள்.

"ஒண்ணு போதுமுங்க அத்தே" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "எல்லா நூலையும் புதுசாக் கோக்கோணுமுங்க. அதுக்கு ரெண்டு ஆளு வேணும். எங்கூட்டுல அப்பாவும் நானும் கோப்போம்."

"நான் ஆளு இல்லியா?"

"உங்களுக்குப் பொறுமை ஏதுங்க?"

கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் அன்று சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் உட்கார்ந்தேன். விழுதுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். பாவிலிருந்து வரிசை மாறாமல் ஒரு நூலை எடுத்து நான் நீட்ட வேண்டும். அவள் கண்ணி வழியாகக் கொக்கியை விட்டு அதை இழுத்து, பிறகு அச்சின் பல்லில் நுழைப்பாள். முன் விழுதில் ஒன்று, பின் விழுதில் ஒன்று. வரிசையில் ஒன்று மாறினால், மாறிய இடம்வரை எல்லாவற்றையும் உருவிவிட்டு மறுபடி கோக்க வேண்டும். வேலை விட்டு வந்த சாயங்காலங்கள், ஞாயிறுகள் எல்லாம் அதிலேயே போயின.

முதல் நூலை நீட்டும்போதே அவள் நிறுத்தினாள். "கையக் காட்டுங்க."

பச்சைக் கொழுந்தை அள்ளி அள்ளி என் விரல்கள் எப்போதும் கருத்திருக்கும். எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அவள் என் கையைப் பிடித்து, என் பெருவிரலை வெள்ளை நூலின் மேல் வைத்து அழுத்தித் தேய்த்தாள். நூலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். கறை இல்லை. இன்னொரு விரல். அதிலும் இல்லை. பத்து விரலையும் அப்படியே பார்த்தாள். கல்யாணமாகி அதுவரை அவளாக என் கையைத் தொட்டதில்லை.

"ஒட்டலீங்க. குடுங்க" என்றாள்.

அந்த முதல் நூலின் நுனியில்தான், அம்மாவின் திரியிலிருந்து பிரித்த நூலைச் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைத்தாள். கரையோரமாக அதைக் கோத்துவிட்டு, மற்றதைத் தொடங்கினாள்.

எதிரெதிரே உட்கார்ந்து, எழுந்துபோகவும் முடியாமல், கையும் கண்ணும் ஒரு வேலையில் இருக்கும்போது பேச்சு எப்படியோ வந்துவிடுகிறது. நேருக்கு நேர் உட்கார்ந்து பேசு என்றால் எங்களுக்கு வந்திருக்காது. விழுதின் கண்ணிகளுக்கு நடுவே அவள் முகம் கீற்றுக் கீற்றாகத் தெரியும். அவள் தன் அம்மா செத்த அன்று தறி நின்றதையும், மூன்றாம் நாள் அப்பா தானாகப் போய் உட்கார்ந்ததையும் சொன்னாள். நான் என் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். எனக்குத் திட்டத் தெரியும், திட்டிய பிறகு என்ன செய்வது என்றுதான் தெரியாது என்று சொன்னேன். அவள் கொக்கியை நிறுத்தாமலே, "தெரியுமுங்க. அன்னைக்கு அத்தையத் திட்டிப் போட்டு, வெறகு ஒடைக்கறேன்னு அடுத்த வருசத்துக்கும் சேத்து ஒடைச்சீங்க" என்றாள்.

ஒருநாள் கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தேன். "ஆடிக்கு..."

"நூலப் பாருங்க" என்றாள். ஒரு நூல் தவறியிருந்தது. நான் தவறவிட்டதைப் பார்த்தாளா, கேட்க வந்ததைப் பார்த்தாளா, தெரியாது. உருவி மறுபடி கோத்தோம்.

தறி ஓடத் தொடங்கியது. லயம் முழுக்கக் கேட்கும் அந்தச் சத்தம். முதலில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள், பிறகு பழகிப்போனார்கள். அம்மா வேலை விட்டு வந்ததும் ராட்டையில், நாடாவுக்குள் வைக்கும் நூல் தார் சுற்ற உட்கார்ந்துவிடுவாள். கொழுந்து கிள்ளிய விரல், நூலை அறுக்காமல் பிடித்தது. திட்டு வாங்கிய அன்றிலிருந்து அவள் மருமகளிடம் கொஞ்சம் பயந்துதான் பழகினாள். மருமகள் அதைக் கவனித்து, வேண்டுமென்றே, "அத்தே, தாரு தீந்துபோச்சு, என்ன பண்றீங்க?" என்று அதட்டுவாள். அதட்ட அதட்ட அம்மாவுக்குப் பயம் போனது.

ஒரு அதிசயமும் நடந்தது. ஊரில் பங்குனி, சித்திரை வெக்கையில் நூல் பட் பட்டென்று அறுமாம். தறிக்குழியில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். இங்கே மூட்டம் வாசல் வழியாக உள்ளே வந்து பாவின் மேல் படிந்தது. நூல் அறுபடவே இல்லை. அவள் கதவைத் திறந்து வைப்பாள். அம்மா குளிருக்குச் சாத்துவாள். அவள் மறுபடி திறப்பாள். ஈரம் கூடிக் கஞ்சி இளகினால் மட்டும் கணப்புச் சட்டியைத் தறிக்கு அடியில் தள்ளிவிடுவாள். எந்தக் குளிர் ஆகவில்லை என்று சொன்னாளோ அந்தக் குளிரை அவளே கதவு திறந்து கூப்பிட்டாள். நான் வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் நம்பிக்கை வைக்கப் பயம். நெய்கிற இடத்தில் சந்தோஷமாக இருக்கிறாள், அது சரி. அந்த இடம் ஊரிலும் இருக்கிறதே, அப்பாவின் தறியோடு.

ஆடி பிறந்தது. மாமனார் வந்தார்.

அவர் வந்த அன்று காலையில்தான் பாவு முடிந்திருந்தது. அவள் துணியை அறுத்து எடுத்து மடித்து வைத்திருந்தாள், நல்ல வெள்ளை வேட்டித் துணி. பக்கத்தில் அவளுடைய டிரங்குப் பெட்டி. அதில் சேலைகளை எல்லாம் அடுக்கியிருந்தாள். எல்லாவற்றையும். கம்பளிச் சாக்ஸையும். தறியில் அச்சு இன்னும் இருக்கிறதா என்று திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அச்சைக் கொண்டுபோனால் அவ்வளவுதான். அது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

மாமனார் காப்பி குடித்துவிட்டுத் துணியைக் கையில் எடுத்தார். முதலில் முகர்ந்து பார்த்தார்.

"டீத்தூள் வாசமடிக்குதுங்க மாப்ளே!"

"கொழுந்து மாடியில காய வெச்சதுங்க மாமா."

துணியைப் பிரித்துக்கொண்டே போனார். கண்ணால் பார்க்கவில்லை, கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனார். துணி தொடங்கிய முனைக்கு வந்ததும் விரல் நின்றது. கரையோரம் ஒரு நூல் மட்டும் லேசான மஞ்சளாக இருந்தது, ஒரு சாணுக்குள் முடிந்து, ஒரு சின்ன முறுக்கோடு வெள்ளையில் சேர்ந்தது.

"இது என்ற கை நூலாச்சே," என்றார். "மஞ்சளு எப்படி ஏறுச்சு? மத்ததெல்லாம் எங்க?"

அம்மா சமையலறை வாசலில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அவளே முன்னால் வந்து சொன்னாள். "தெரியாமப் பண்ணிப் போட்டனுங்க. திரின்னு நெனச்சு உருவிட்டேன். உங்க தலக்கட்டு நூலையெல்லாம் நான் கொளுத்திப் போட்டனுங்க."

மாமனார் அந்த மஞ்சள் நூலை விரலால் ஒருமுறை நீவிவிட்டார். "யாரு பேருல வெளக்குப் போட்டீங்க?"

"இவுங்க ரெண்டு பேரு பேருலயுந்தானுங்க."

"அப்ப எரியோண்டிய எடத்துலதான் எரிஞ்சிருக்குது" என்றார். துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அம்மா அழுதாள். அவர், "அட, காப்பி இன்னொரு டம்ளர் குடுங்க" என்று பேச்சை மாற்றினார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மாமனார் எழுந்து தறிப்பக்கம் போனார். துணி அறுத்த தறியில் அச்சும் விழுதும் தொங்கிக்கொண்டிருந்தன, இரண்டு பக்கமும் ஒரு சாண் வெள்ளை நூலோடு. நான் எடுத்து எடுத்து நீட்டிய நூல். அவர் மகளைப் பார்த்தார். பஸ் ஸ்டாண்டில் அவள் சொன்னதை அவரும் மறக்கவில்லை.

"அச்சக் கழட்டிக்கட்டுமா அம்மிணி?"

அவள் டிரங்குப் பெட்டியின் கொக்கியைப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வேண்டாங்கப்பா. அதுல இருக்கறது இந்த ஊட்டு நூலு. இங்கயே இருக்கட்டும்."

நான் விறகு எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் பின்னால் போனேன். அழுதேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது? உள்ளேயிருந்து அவள், "வெறக நீங்க திட்டுன அன்னைக்கே ஒடைச்சு வெச்சுட்டீங்க, வாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று கூப்பிட்டாள்.

அந்த ஆடி முழுக்க அம்மா தறியைத் தன் பழைய சேலையால் மூடி வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை விளக்குக்குக் கோத்தகிரி கடையில் பஞ்சு வாங்கித் திரித்தாள். தறிப்பக்கம் போகும்போதெல்லாம், தூங்குகிற குழந்தையைத் தாண்டுவதுபோல ஒதுங்கி நடந்தாள்.

ஆவணியில் என் மனைவி பஸ்ஸை விட்டு இறங்கினாள். இந்தத் தடவையும் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்திருந்தாள், முகம் வெளுத்திருந்தது. கையில் ஒரு சாக்கு மூட்டை, புதுப் பாவு. கூரைமேல் போட விடவில்லையாம், கண்டக்டரோடு சண்டை போட்டாளாம். நான் கை நீட்டினேன். அவள் மூட்டையை என்னிடம் கொடுத்தாள்.

வீட்டுப் படியேறும்போதே உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அத்தே, அடுப்புச் சாம்பலக் கொட்டிப் போடாதீங்க. பாவு பிணைக்கோணும்."